பேச்சிக்கு ஊர் காட்டியது

சுங்குவார்சத்திரத்தில் நெடுஞ்சாலையைக் கடப்பதற்காக நின்று, கையை நீட்டி வலப்பக்கம் காட்டினேன். ஒரு ஷேர் ஆட்டோ வந்து நின்றது. இடப்பக்கம் காட்டினேன். எதிர்ச்சாரியில் இன்னொரு ஆட்டோ நின்றது. அடுத்து நேராகக் காட்டினேன். நல்லவேளை, நேராக ஆட்டோ வர வழியில்லை.

"எங்கம்மா போவணும்?" என்று இரண்டு டிரைவர்களும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"ஆட்டோ வேணாம். நடந்து போறோம்."

"நடந்தா?" என்றார் பக்கத்தில் நின்றவர். என்னைப் பார்த்தார், என்னோடு நின்ற பேச்சியைப் பார்த்தார், எங்கள் இருவரின் செருப்பையும் பார்த்தார். வண்டியை எடுத்த பிறகும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார்.

"ஏட்டி மாரி, எதுக்கு இப்படிக் கைய நீட்டிக்கிட்டு நிக்க? யாருக்குச் சாபம் குடுக்க?" என்று பேச்சி கேட்டாள்.

இது கம்பெனிப் பழக்கம். எங்கள் தொழிற்சாலைக்குள் சரக்கு தூக்கும் வண்டிகள் ஓடுகிற பாதையைக் கடக்கும் முன்னால் நிற்க வேண்டும். வலம், இடம், நேர் என்று மூன்று பக்கமும் கைநீட்டிக் காட்டி, வாய்விட்டுச் 'சரி' சொல்லிவிட்டுத்தான் காலை எடுத்து வைக்க வேண்டும். சொல்லாமல் கடந்தால் பெயரைப் போர்டில் எழுதுவார்கள். வருஷக்கணக்காக இப்படிச் செய்த கை, வெளியிலும் தானாக நீண்டுவிடுகிறது. என்னோடு வேலை பார்த்த பெண் ஒருத்தி, கல்யாணத்தன்று மணமேடையைச் சுற்றும்போது ஒவ்வொரு திருப்பத்திலும் கைகாட்டினாள். மாப்பிள்ளை வீட்டார் ஏதோ வேண்டுதல் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிட்டார்கள்.

பேச்சியிடம் இதையெல்லாம் விளக்கினேன். "சரி, இப்ப ரோட்டத் தாண்டலாமா?" என்று மட்டும் கேட்டாள்.

பேச்சி யாரென்று சொல்லிவிடுகிறேன். கோவில்பட்டிப் பக்கத்தில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது வரை என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். பத்தொன்பது வயதில் லாரி டிரைவர் ஒருவருக்கு வாழ்க்கைப்பட்டாள். ஒரே மகள், கனகா. பிளஸ் டூ முடித்துவிட்டாள். சுங்குவார்சத்திரம் பக்கத்தில் இருக்கிற பெரிய எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நான் ஒரு போன் நம்பர் கொடுத்தேன். கனகா பரீட்சை எழுதித் தேறிவிட்டாள். நாங்கள் நடந்த நாளுக்கு மறுநாள் கோவில்பட்டிக்கு வேன் வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வரும்.

கனகாவின் அப்பா, "உன் இஷ்டம். ஏதாச்சும் ஆச்சுன்னா உன்னத்தான் கேப்பேன்" என்று பேச்சியிடம் சொல்லிவிட்டு நாக்பூருக்கு லோடு ஏற்றிக்கொண்டு போய்விட்டார். பேச்சி நேராக எனக்குப் போன் போட்டாள். "நம்பர் குடுத்தது நீ. எடத்தயும் நீயே காட்டு. பாத்துட்டுத்தான் சரிம்பேன்."

சொன்னபடி ராத்திரி பஸ் ஏறி, காலையில் சிங்கப்பெருமாள்கோவிலில் இறங்கி, இரண்டு பஸ் மாறி என் அறைக்கு வந்துவிட்டாள். சாயந்திரம் ஐந்து மணிக்குத் திரும்ப வேண்டும். அதற்குள் மகளை அனுப்புவதா வேண்டாமா என்று முடிவு சொல்லியாக வேண்டும். எனக்கு அன்று வார லீவு. ஆட்டோவில் போகலாம் என்றேன், கேட்கவில்லை.

"ஆட்டோவுல போனா ஆட்டோவத்தான் பாப்பேன். நடந்து காட்டுட்டி" என்றாள்.

பார்க்க வேண்டிய இடங்கள்

எங்கள் ஊரில் பார்ப்பதற்கு இருப்பவை காம்பவுண்டுச் சுவர்கள். நல்ல உயரமான, நீளமான சுவர்கள். மேலே முள்கம்பி. உள்ளே புல் வெட்டுகிற ஓசை மட்டும் கேட்கும்.

நான் ஒவ்வொன்றாகப் புகழ்ந்து சொல்லிக்கொண்டே வந்தேன். "இது கண்ணாடி செய்யுற கம்பெனி. இது அந்தக் கண்ணாடிய வைக்கிற அட்டைப்பெட்டி செய்யுற கம்பெனி. இது அந்தப் பெட்டி மேல ஒட்டுற ஸ்டிக்கர் கம்பெனி."

"ஸ்டிக்கருக்கு ஒரு கம்பெனியா?"

"ரெண்டு இருக்கு. இன்னொண்ணு வல்லம் வடகால்ல."

"மனுசங்க எங்கட்டி இருக்காங்க?"

"உள்ள."

பேச்சி கொஞ்சநேரம் சுவரைப் பார்த்துக்கொண்டு வந்தாள். நடைபாதை என்று தனியாக ஒன்று கிடையாது. கன்டெய்னர் லாரிகள் நிறுத்தின இடம் போக மீதியில் நடக்க வேண்டும். லாரிக்கடியில் ஒருவர் ஸ்டவ் பற்றவைத்து ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். பேச்சி குனிந்து அவரைப் பார்த்து, "நாக்பூரா?" என்று கேட்டாள். அவருக்குப் புரியவில்லை. ஒரு ரொட்டியை எடுத்து நீட்டினார். அவள் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு நடந்தாள்.

ஒரு கேட்டின் முன்னால் நின்று பெயர்ப்பலகையைப் படிக்க முயன்றோம். செக்யூரிட்டி வெளியே வந்தார்.

"இன்டர்வியூக்கா? இன்னிக்கி இல்ல. திங்கக்கெழம வாங்க."

"இல்லங்க, சும்மா பாக்கோம்" என்றாள் பேச்சி.

"இன்னாத்த?"

பேச்சி என்னைப் பார்த்தாள். நான் பெயர்ப்பலகையைப் பார்த்தேன். செக்யூரிட்டிக்கு எங்கள் மேல் சந்தேகம் வந்துவிட்டது. நாங்கள் கிளம்பி அடுத்த சுவர் ஆரம்பிக்கும்வரை கேட்டிலேயே நின்று பார்த்தார். யாரும் சும்மா வந்து பார்க்கிற ஊர் இல்லை இது. அதில் அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கடற்கரை விசாரித்தது

இருபது வயதில் நானும் ஒரு வேனில்தான் வந்தேன். இருபத்திரண்டு பெண்கள். மெட்ராஸில் வேலை என்று சொல்லித்தான் கூட்டிவந்தார்கள். முதல் ஞாயிற்றுக்கிழமை தலைக்குக் குளித்து, நல்ல தாவணியாகப் பார்த்து உடுத்திக்கொண்டு, அப்போதைய வீட்டுக்காரம்மாவிடம் போய்க் கடற்கரைக்கு எப்படிப் போக வேண்டும் என்று கேட்டேன்.

"பீச்சுக்கா? இங்கேர்ந்தா?" என்று அந்தம்மா கேட்டார். பிறகு உள்ளே திரும்பி, "யோவ், இந்தப் பொண்ணு பீச்சுக்கு வழி கேக்குதுய்யா" என்று கணவரையும் கூப்பிட்டார். அவர் சாப்பிட்ட கையோடு எழுந்து வந்து என்னைப் பார்த்தார். இரண்டு பேரும் நல்லவர்கள். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் பஸ் நம்பர்களைச் சொன்னார்கள். மொத்தம் நான்கு பஸ் மாற வேண்டியிருந்தது. நான் தாவணியை மாற்றிக்கொண்டு துணி துவைக்கப் போய்விட்டேன்.

ஆனாலும் ஊருக்குப் பேசும்போது மெட்ராஸ் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். டிவியில் மெட்ராஸ் வெள்ளம் காட்டினால் பேச்சி போன் போட்டு, "உங்க தெருவுலயும் தண்ணியா?" என்பாள். முழங்கால் மட்டும் என்பேன். எங்கள் தெருவில் அன்றைக்குக் குடிக்கவே தண்ணீர் வந்திருக்காது.

முதல் கம்பெனி மூடிப்போனது, இப்போதைய வாகன உதிரிபாகக் கம்பெனியில் சேர்ந்தது, இடையில் இரண்டு வருஷம் நீடித்த என் கல்யாணம், இவற்றையெல்லாம் இந்தப் பத்தியில் முந்தைய வாரங்களில் எழுதிவிட்டேன். கல்யாணத்தைப் பற்றி இன்னும் விரிவாக எழுதும்படி சில வாசகர்கள் கேட்டிருக்கிறார்கள். நடந்ததே அவ்வளவுதான்.

மொத்தம் பதினேழு வருஷம். என்னோடு வேனில் வந்த பெண்கள் கல்யாணமாகியும் வேலை போயும் ஒவ்வொருத்தியாகக் கிளம்பிப் போனார்கள். கடைசியில் நான் ஒருத்தி மிச்சம். லீவு நாளில் ஒரு வார்த்தைகூடப் பேசாமல் தூங்கப்போன நாட்கள் உண்டு. கனகாவுக்கு நம்பர் கொடுத்தபோது அவள் நன்மையை நினைத்துத்தான் கொடுத்தேன் என்று எல்லோரிடமும் சொன்னேன். உண்மையில் எனக்குப் பக்கத்தில் ஓர் ஊர்க்காரி வேண்டியிருந்தது. அதனால்தான் அன்று பார்க்கிற சுவரையெல்லாம் பேச்சியிடம் புகழ்ந்துகொண்டே போனேன். இந்தக் காரணத்தை மட்டும் அவளிடம் சொல்லவில்லை.

மூன்றாவது பாயிண்ட்

சுவர்கள் போதும், பெண்கள் தங்குகிற ஹாஸ்டலைக் காட்டு என்றாள் பேச்சி. கனகாவுக்கு எந்த ஹாஸ்டல் என்று கம்பெனி அனுப்பிய கடிதத்திலேயே போட்டிருந்தது. எனக்குத் தெரிந்த ஹாஸ்டல்தான். தினமும் எங்கள் கம்பெனி பஸ் அதன் கேட் முன்னால் நின்று, அங்கே தங்கியிருக்கிற எங்கள் கம்பெனிப் பெண்கள் நாலைந்து பேரை ஏற்றும். எங்கள் வண்டிக்கு அது மூன்றாவது பாயிண்ட்.

இந்தப் பக்கத்தில் வேலை பார்ப்பவர்களுக்கு ஊர் என்றால் பஸ் நிற்கிற பாயிண்டுகள்தான். கம்பெனி பஸ் என்னை ஏற்றும், இறக்கும். ஏறி உட்கார்ந்ததும் கண்ணை மூடிவிடுவேன். பிரேக் போடுகிற விதத்தை வைத்தே எத்தனையாவது பாயிண்ட் என்று சொல்லிவிடுவேன். கடைக்குப் போவேன், அறைக்கு வருவேன். அதற்கு மேல் இந்த ஊரில் நான் நடந்ததே இல்லை.

ஆகவே பேச்சியைக் கூட்டிக்கொண்டு பஸ் போகிற வழியிலேயே போனேன். எதிர்ச்சாரி வழியாக மேம்பாலம் வரை நேராக நடந்தோம். பாலத்துக்கடியில் திரும்பி, இந்தப் பக்கச் சாரியில் வந்த வழியே திரும்ப நடந்தோம்.

பேச்சி நின்றாள். "ஏட்டி, இப்பத்தான அந்தப் பக்கமா போனோம்?"

"ஆமா."

"இப்ப இந்தப் பக்கமா திரும்பி வாரோம்."

"ஆமா. யூ டர்ன்."

"நாம எதுக்குட்டி யூ டர்ன் போடணும்?"

"பஸ் இப்படித்தான் போகும்."

அந்தப் பதிலில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பேச்சி முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள். வெயில் ஏறிவிட்டிருந்தது. சாலையிலிருந்து பிரிந்து ஏரிக்கரையைச் சுற்றினோம். பஸ்ஸில் எங்கள் பாயிண்டிலிருந்து ஹாஸ்டலுக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆகும். நடையில் ஒன்றே முக்கால் மணி நேரம் ஆனது.

ஹாஸ்டல் கேட்டில் வயதான காவலர் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"இன்னாம்மா வோணும்?"

"என் மக இங்கன சேரப் போறா. உள்ள ஒரு தடவ பாத்துட்டு வந்துருதேன்யா" என்றாள் பேச்சி.

"பாப்பா சேந்துட்ச்சா?"

"இன்னும் இல்ல. பாத்துட்டுத்தான் சேக்கணும்."

"சேந்தப்பறம் வா. கார்டு குடுப்பாங்க, உள்ள உடுவேன். சேராத பொண்ணோட அம்மாவுக்கு உள்ள இன்னா வேல கீது?"

"பாக்காம எப்படிய்யா சேக்க?"

"சேக்காம எப்டிம்மா காட்ட?"

இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. பேச்சி கேட்டின் கம்பிகளுக்கு நடுவே முகத்தை வைத்துப் பார்த்தாள். உள்ளே ஒரு நோட்டீஸ் போர்டும் இரண்டு பெஞ்சும் தெரிந்தன. கேட்டை விட்டு வந்தபோது கன்னத்தில் துருக்கறை இருந்தது. இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் நடந்தோம் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, வேண்டாம் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

கோவிந்தம்மா சொன்ன வழி

கேட்டுக்கு அடுத்தாற்போல் ஒரு டீக்கடை. கடைக்காரம்மா பெயர் கோவிந்தம்மா. ஐம்பது வயதிருக்கும், இந்த ஊர்க்காரர். ஹாஸ்டல் நிற்கிற இடம் இவர்கள் வயலாக இருந்தது என்று டீ ஆற்றிக்கொண்டே சொன்னார். வருத்தமாகச் சொல்லவில்லை. "நெல்லு போட்டப்போ என்னா வந்துச்சு? இப்போ ஷிப்ட்டுக்கு நூறு டீ போவுது" என்றார்.

பேச்சி பெஞ்சில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டாள்.

"எங்கேர்ந்துமா நடந்து வரீங்க? மூஞ்செல்லாம் செவந்து கீது."

நான் எங்கள் சந்தின் பெயரைச் சொன்னேன். ரேஷன் கடைச் சந்து.

கோவிந்தம்மா டீ ஆற்றுவதை நிறுத்தினார். "ரேஷன் கடச் சந்தா? மாடில ரூம் கட்டிக் கீதே, பச்ச பெயின்ட் அட்ச்ச வூடு, அந்தச் சந்தா?"

"அந்தப் பச்சை வீடுதான்."

"அட இன்னாம்மா நீ! அது இந்தச் செவுத்துக்குப் பின்னாலதான கீது! எதுக்கு அம்மாந்தூரம் சுத்திகினு வந்தீங்க?" என்று கரண்டியால் ஹாஸ்டலின் பின்பக்கத்தைக் காட்டினார். "எங்க ஆடுங்க தெனிக்கும் உங்க வூட்டாண்டதான் மேயுதுங்க."

அந்த ஆடுகளை எனக்குத் தெரியும். என் கறிவேப்பிலைச் செடியை இரண்டு முறை மொட்டையடித்தவை. அவை எங்கிருந்து வருகின்றன என்று நான் யாரையும் கேட்டதில்லை.

பேச்சி டீ கிளாஸைப் பெஞ்சில் வைத்தாள்.

"ஏட்டி. நீ இந்த ஊருக்கு வந்து எத்தன வருசம்?"

"பதினேழு."

"அந்த வீட்டுல?"

"பதினொண்ணு."

"பதினோரு வருசமா வீட்டுக்குப் பின்னால என்ன இருக்குன்னு தெரியாமயா இருந்த?"

"குடோன்னு நினைச்சேன்" என்றேன். நான் குடிவந்தபோது அது உண்மையிலேயே அட்டைப்பெட்டி குடோன்தான். நடுவில் ஜன்னல் வைத்தார்கள். குடோனுக்குக் காற்று வேண்டாமா என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் அதன் மாடியில் வரிசையாக யூனிபார்ம் சட்டைகள் காய்ந்தன. எங்கள் பக்கத்தில் எந்த மாடியைப் பார்த்தாலும் யூனிபார்ம்தான் காயும். அதனால் அதுவும் எனக்கு ஒன்றும் சொல்லவில்லை.

கோவிந்தம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பேச்சி சிரிக்கவில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது. அவமானத்தில் எனக்குக் காது சுட்டது.

மொட்டைமாடி

ஹாஸ்டல் சுவரை ஒட்டிச் சீமைக்கருவேலங்காட்டுக்குள் ஓர் ஆட்டுத்தடம் போயிற்று. பேச்சியின் சேலையில் முள் மாட்டி எடுத்ததையும் சேர்த்து ஐந்தாவது நிமிஷம் என் வீட்டு வாசலில் நின்றோம்.

என் அறையே மாடியில்தான். வெளியே வந்தால் மொட்டைமாடி. கொடியில் நான் காலையில் அவசரத்தில் பிழியாமலும் உதறாமலும் போட்ட துணிகள் கிடந்தன. பேச்சி சோறுகூடச் சாப்பிடாமல் நேராகப் பின்பக்கக் கைப்பிடிச் சுவருக்குப் போனாள். எதிரே, முப்பதடி தூரத்தில், ஹாஸ்டலின் மாடி ஜன்னல்கள். ஒரு பெண் நைட்டியோடு ஜன்னலில் நின்று டிபன் பாக்ஸைக் கழுவித் தண்ணீரை வெளியே கொட்டினாள்.

"ஏ தாயி! எந்த ஊரு?" என்று பேச்சி சத்தம் போட்டாள். வயற்காட்டில் பேசுகிற குரல் அது. எனக்கு மறந்தே போயிருந்தது.

அந்தப் பெண் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு எங்களைக் கண்டுபிடித்தாள். "விளாத்திகுளம் பக்கம்."

"நாங்க கோவில்பட்டிப் பக்கம்! சோறு எப்படி இருக்கு?"

"திங்கலாம்."

"ரூமுல எத்தன பேரு?"

"எட்டு. ஷிப்ட்டு மாறி மாறிப் போறதால ஒரு நேரத்துக்கு நாலு பேருதான் இருப்போம்."

"தண்ணி?"

"வரும். வராட்டி லாரியில வரும்."

"வெளிய உடுவாங்களா?"

"லீவன்னைக்கு உடுவாங்க. ஆறு மணிக்குள்ள வந்துரணும்."

பேச்சி கேட்டாள். "வந்த புதுசுல அழுதியா?"

"பத்து நாளு."

"அப்புறம்?"

"அப்புறம் ஓவர்டைம் போட்டாங்க. நேரமில்ல."

உள்ளே யாரோ கூப்பிட்டார்கள். அந்தப் பெண் டிபன் பாக்ஸை உதறிக்கொண்டு போய்விட்டாள். பேச்சி காலியான ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றாள். மணி மூன்று ஆகியிருந்தது.

"மாரி, ஒண்ணு கேக்கேன். காலையிலேருந்து செவரு நல்லாருக்கு, கேட்டு நல்லாருக்குன்னே சொல்லிக்கிட்டு வார. கனகா இங்கன வரணும்னு உனக்கு இருக்கா?"

"இருக்கு" என்றேன்.

"எதுக்கு?"

பொய் சொல்லத் தெம்பு இல்லை. கால் வலித்தது. "அவளுக்கு இது நல்லதா கெட்டதான்னு எனக்குத் தெரியல, பேச்சி. இத்தன வருசம் இருந்தும் தெரியல. எனக்கு இங்க ஆளில்ல. ஞாயித்துக்கிழமை யாராவது வந்து கதவத் தட்டுனா நல்லாருக்கும். அவ்வளவுதான்."

இப்படி ஒரு சுயநலத்தை அதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

பேச்சி என்னை முழுசாகப் பார்த்தாள். "இதக் காலையிலயே சொல்லியிருந்தா எனக்கு இம்புட்டு நடை மிச்சமாயிருக்கும்ட்டி" என்றாள். "நீ எல்லாம் நல்லது நல்லதுன்னு சொல்லச் சொல்லத்தான் எனக்குப் பயம் வந்துச்சு. எதையோ மறைக்கியோன்னு இருந்துச்சு. இதுதானா? அவளப் பாக்க ஒரு ஆளு காத்துக்கிட்டு இருக்குன்னா, எனக்கு அது போதும்."

இடுப்பிலிருந்து போனை எடுத்தாள். பழைய போன். ஸ்பீக்கர் போட்டால்தான் குரல் கேட்கும். முதல் மணியிலேயே கனகா எடுத்துவிட்டாள்.

"கனகா, பொட்டியக் கட்டு."

"கட்டிட்டேம்மா."

"எப்ப?"

"நேத்து நீ பஸ் ஏறுனதும்."

பேச்சி போனைச் சற்றுத் தள்ளி வைத்து, அது பேசியதுதானா என்பதுபோல் பார்த்தாள். பிறகு திரும்பவும் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோனாள்.

"போர்வை வச்சியா?"

"வச்சேன்."

"எத்தன?"

"ஒண்ணு."

"ரெண்டா வையி."

போனை அணைத்துவிட்டு, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு கைப்பிடிச் சுவரோரமாக உட்கார்ந்தாள். சத்தமே வரவில்லை, தோள் மட்டும் குலுங்கியது. பக்கத்தில் போய் உட்கார வேண்டும், கையைப் பிடித்து ஏதாவது சொல்ல வேண்டும். ஆனால் எனக்குத் தாங்க முடியாத சந்தோஷமாக இருந்தது. அந்த முகத்தோடு அவளிடம் போக எனக்கு வெட்கமாக இருந்தது. கொடிப் பக்கம் திரும்பிக்கொண்டு துணிகளை எடுத்து மடிக்க ஆரம்பித்தேன். பாதித் துணி இன்னும் ஈரமாகத்தான் இருந்தது.